இரண்டாண்டு பிந்திய கடற்படைகள்

அவர் கடலைக் கண்டதில்லை. காண விரும்பியதாகவும் தெரியவில்லை. நாகப்பட்டினத்தில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்குப் புறப்பட்ட என் தாயார், எதிர்வீட்டுக்காரர் என்ற உரிமையில் அவரையும் ஒருமுறை அழைத்தார்.

"நீங்களும் வாங்களேன் தம்பி. கடலைப் பாத்துட்டு வரலாம்."

"கடல்ல என்னங்க இருக்கு? தண்ணி."

"கப்பலெல்லாம் நிக்குமாமே?"

"அங்க நிக்கறது சரக்குக் கப்பல்" என்றார். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல் மிதிவண்டியில் ஏறிப் பணிக்குச் சென்றுவிட்டார்.

திருச்சிராப்பள்ளிச் சந்திப்பில் பொதி அலுவலகத்து எழுத்தர் அவர். திருவரங்கத்து அடையவளைந்தான் தெருவில் எங்கள் வீட்டிற்கு எதிர்வீட்டில் குடியிருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில், பெரியோர் திருநூல்களை வைத்து ஓதும் சிக்குப்பலகை ஒன்றன்மேல், வெளுத்த வேட்டித் துண்டில் சுற்றப்பட்ட பெருநூல் ஒன்று எந்நேரமும் இருக்கும். கைகால் கழுவாமல் அவர் அதைத் தொடமாட்டார். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தோர் அதை ஏதோ திருநூல் என்று கருதிக் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு. அவர் மறுத்துரைத்ததில்லை. ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை என்பதே காரணம்.

உண்மையில் அஃது உலகப் போர்க்கப்பல்களின் ஆண்டுத் தொகுதி. இலண்டன் மாநகரில் ஆண்டுதோறும் அச்சாவது. எந்த நாட்டிடம் எத்தனை போர்க்கப்பல், ஒவ்வொன்றின் நீளம் என்ன, எடை என்ன, பீரங்கி எத்தனை, கொதிகலன் எத்தனை, நீருக்குள் எத்தனை அடி ஆழ்ந்து மிதக்கும் என்பனவெல்லாம் நாடு நாடாக அதில் அடுக்கப்பட்டிருக்கும். தொலைவில் வருவது எந்தக் கப்பல் என்று கண்டறிவதற்காக ஒவ்வொன்றின் நிழலுருவையும் கருமையில் அச்சிட்டிருப்பார்கள். கடற்படைத் தலைவர்கள் மேசைமேல் இருக்கவேண்டிய அந்நூல் அடையவளைந்தான் தெருவுக்கு வந்த வரலாறு எளியது. உரியவர் வந்து கேட்காத பொதிகளைப் புகைவண்டித் துறையினர் ஏலமிடுவது வழக்கம். பித்தளைப் பாத்திரங்கள் இருக்கும் என்று நம்பி, கனமான பெட்டி ஒன்றை அவர் ஏலத்தில் எடுத்தார். வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே இந்நூல் இருந்தது. அவர் மனைவியார் அன்று முழுவதும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. படித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஆண்டுதோறும் ஒரு தொகுதி வந்தது. புதியதை வாங்கும் வசதி அவருக்கில்லை. சென்னையில் நடைபாதைப் பழம்புத்தக வணிகர் ஒருவர், கப்பல் நிறுவனங்கள் கழித்துப் போடும் பழைய தொகுதியை எடுத்து வைத்திருந்து புகைவண்டியில் அனுப்பிவைப்பார். ஆகவே உலகக் கடற்படைகள் யாவும் எங்கள் தெருவுக்கு இரண்டாண்டு பிந்தியே வந்து சேர்ந்தன. வேறோரிடத்தில் மூழ்கிய கப்பல் எங்கள் தெருவில் மேலும் இரண்டாண்டு மிதந்தது. ஐந்தாண்டுக்கு முற்பட்ட தொகுதிகளை ஊறுகாய்ச் சாடியின் மூடிமேல் பாரமாக வைக்க மனைவியாருக்கு அவர் இசைவளித்திருந்தார். "அந்த வருஷத்துக் கப்பல்ல பாதியை உடைச்சாச்சு" என்பது அதற்கு அவர் கூறிய நியாயம்.

நூலில் உள்ளதைச் சொல்வார். இல்லாததைச் சொல்லமாட்டார். கேட்டதற்கு விடை சொல்வார். கேளாததைச் சொல்லமாட்டார். அவருடைய இயல்பு முழுவதும் இவ்வளவே. ஆடிப் பெருக்கன்று ஊரே அம்மாமண்டபப் படித்துறையில் காதோலை கருகமணியோடு நிற்கும்போது, அவர் மட்டும் படிகளில் நீர் ஏறியிருக்கும் அளவை நோக்கிக்கொண்டு நிற்பார். ஓராண்டு நான் அருகில் சென்று, என்ன பார்க்கிறீர்கள் என்று வினவினேன்.

"ஒம்பதடி இருக்கும் தம்பி. ஒரு தினுசு ஆத்துப் பீரங்கிப் படகு உள்ள வரலாம்."

"வந்தால்?"

"திரும்ப முடியாது" என்றார். அப்படகின்பால் சிறிது இரக்கம் இருந்தது அக்குரலில்.

அவருடைய புகழ் பரவியது திருமணங்களால். நாடு விடுதலை பெற்றபின் எங்கள் பக்கத்து இளைஞர் பலர் கடற்படையில் சேர்ந்தனர். பெண்ணைப் பெற்றோருக்கு அதில் ஓர் இடர்ப்பாடு. மணமகன் ஆலையில் பணிபுரிகிறான் என்றால் ஆலை வாயிலில் போய் விசாரிக்கலாம்; கப்பல் வாயிலில் யார் போய் விசாரிப்பது? எனவே உறையூரிலிருந்தும் இலால்குடியிலிருந்தும் மக்கள் கப்பலின் பெயரைத் துண்டுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு அவர் வீட்டிற்கு வரலாயினர். சிலர் மணமகன் படத்தையும் நீட்டுவர். அவர் அதைக் கையால் தொடமாட்டார்.

"மாப்பிள்ளை முகம் நமக்கெதுக்குங்க? கப்பல் பேரைக் குடுங்க."

பிறகு கைகால் கழுவிவந்து, வேட்டித் துண்டை அவிழ்த்து, பக்கத்தைக் கண்டு உரைப்பார். கேட்போர் அதைச் சாதகக் கணிப்பைப்போலவே கேட்டனர். உறையூர் நெசவாளர் ஒருவரிடம், "கட்டி இருவத்தாறு வருஷம் ஆச்சு. சீக்கிரம் உடைச்சிடுவாங்க" என்றார். நெசவாளர் கலங்கிப்போய்ப் பெண்ணைக் கூட்டுறவுச் சங்கத்து எழுத்தருக்குக் கொடுத்துவிட்டார். இலால்குடிக்காரர் ஒருவர், "இதுக்கு முன்னாடி வந்த வரன் கப்பல்ல எட்டுப் பீரங்கிங்க. இதுல நாலுதானே இருக்கு?" என்று குறைப்பட்டார். "வேகம் ஜாஸ்தி" என்றார் இவர். திருமணம் நடந்தது.

இனி, என் தங்கை கோமதிக்கு வந்த வரனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தந்தையார் மறைந்துவிட்டமையால் வீட்டுப் பொறுப்பு என்னுடையது. கல்லூரியொன்றில் தமிழ் விரிவுரையாளனாகச் சேர்ந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. மண்ணச்சநல்லூரில் நெல் ஆலையொன்றின் கொதிகலன் மேற்பார்வையாளராகிய மேஸ்திரி ஒருவர், தம் மகன் வேலாயுதத்திற்குக் கோமதியைக் கேட்டு வந்தார். பையன் கடற்படையில் இயந்திரப் பிரிவில் இருந்தான். விடுப்பில் வந்து பெண் பார்த்தான். கோமதிக்கு விருப்பம் என்பதை, அன்று மாலை அவள் இருமுறை விளக்கேற்றியதிலிருந்து நாங்கள் அறிந்துகொண்டோம். சாதகமும் பொருந்தியது. எஞ்சியது கப்பல் ஒன்றே.

துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு நானும் தாயாரும் எதிர்வீட்டிற்குச் சென்றோம். ஒரு வடநாட்டு ஆற்றின் பெயர் அதில் இருந்தது. இந்தியாவுக்குரிய பக்கங்கள் சிலவே. அவற்றை அவர் மூன்றுமுறை பார்த்தார். மறுநாள் வரச்சொல்லி மீண்டும் பார்த்தார்.

"இந்தப் பேர்ல கப்பல் இல்லைங்க."

தாயார், "இல்லைன்னா? முழுகிப்போச்சா?" என்றார்.

"முழுகலை. உடைக்கலை. இல்லை."

"அப்ப அந்தப் பையன்?"

"பையனைப் பத்தி எனக்குத் தெரியாதுங்க."

தாயார் அழுதார். இல்லாத கப்பலில் பணிபுரியும் ஒருவன் வேறு எதில் பணிபுரிவான் என்று அன்றிரவு எங்கள் வீட்டில் பலவாறு ஊகிக்கப்பட்டது. நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூசுகிறேன். நன்னடையில் ஒரு மடல் வரைந்தேன். 'தங்கள் திருமகனார் பணியாற்றுவதாகத் தாங்கள் மொழிந்த கப்பல் இவ்வுலகில் இல்லை என ஐயத்திற்கிடமின்றி அறிகின்றோம்' என்பது அதன் முதல் தொடர். சாதகத்தையும் உடன்வைத்து அனுப்பினேன். அவர்கள் தந்திருந்த பையனின் படத்தையும் திருப்பியனுப்புவதே முறை. வீடு முழுவதும் தேடியும் அது அகப்படவில்லை.

நான்காம் நாள் கோமதி என்முன் வந்து நின்றாள். கையில் அப்படம்.

"அண்ணே, கப்பலே இல்லேன்னா இவருக்குப் பின்னாடி நிக்கறது என்ன, வீடா?"

பார்த்தேன். துறைமுக மேடைமேல் வேலாயுதம் சீருடையில் நின்றான். அவன் இடத்தோளுக்குப் பின்னால், நீரின்மேல், முனையிலிருந்து கடை வரை ஒரு கப்பல் முழுமையாக நின்றது. படத்தைப் பலமுறை பார்த்த நாங்கள் எல்லோரும் மணமகனின் மூக்கையே ஆராய்ந்திருந்தோம். கப்பலைக் கண்டு சொல்லக்கூடிய ஒரே மனிதரோ படத்தைப் பார்க்க மறுப்பவர்.

அவர் அலுவலகம் சென்றிருந்த பகல்களில் கோமதி எதிர்வீட்டிற்குச் சென்றாள். அவர் மனைவியார் உளுந்து புடைத்துக்கொண்டிருக்க, இவள் கைகால் கழுவி, சிக்குப்பலகை முன் அமர்ந்து, அர்ஜென்டைனாவில் தொடங்கி நாடு நாடாக நிழலுருக்களைப் படத்தோடு ஒப்பிட்டாள். நான்கு பகல்கள் சென்றன. நான்காம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு அவர் மிதிவண்டியை நிறுத்தியபோது, கோமதி பிரிட்டன் நாட்டுப் பக்கமொன்றில் விரலை வைத்தபடி அமர்ந்திருந்தாள்.

"மாமா, இதுதானே?"

அவர் கைகால் கழுவிவந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். வாழ்வில் முதன்முறையாக ஒரு மணமகனின் படத்தைக் கையில் வாங்கினார். அரைமணி நேரம் படத்தையும் நிழலுருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படிம்மா பிடிச்ச?"

"புகைபோக்கி ஒண்ணு. கம்பம் ரெண்டு. பின்னாடிக் கம்பத்துக்கிட்ட மாட்டுக் கொட்டகை மாதிரி ஒண்ணு சரிஞ்சு இருக்கு பாருங்க. வேற எதுலயும் அது இல்லை."

"ஆமாம்மா" என்றார். "இங்கிலீஷ்காரன் கப்பல். நமக்குக் குடுத்திருக்கான். நம்மாளுங்க பேரை மாத்திட்டாங்க. புத்தகம் அச்சாகி ரெண்டு வருஷம் ஆச்சு."

நான் பொறுமை இழந்தேன். "உங்கள் புத்தகம் இரண்டாண்டு பழையது என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலையே தம்பி."

பின்னர் அவர் உள்ளே சென்று, விடுப்புக்கு எழுதிக்கொண்டு வந்தார். அவர் விடுப்பெடுத்து அதற்குமுன் ஒருவரும் கண்டதில்லை. "மண்ணச்சநல்லூருக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டார்.

மறுநாள் கொள்ளிடத்துப் பாலத்தைக் கடக்கையில், மடியில் பெருநூலுடன் அவரும் அருகில் நானும் அமர்ந்திருந்தோம். காலதாமதம் ஆகியிருக்குமோ என்பதே என் அச்சம். பையனுக்கு விடுப்பு முடியப் பத்து நாட்களே இருந்தன. அதற்குள் கரூரில் வேறொரு பெண்ணைப் பார்க்கப்போவதாகத் தரகர் சொல்லியிருந்தார். வழியனுப்பும்போது கோமதி நூலைச் சுற்றியிருந்த துண்டின் முடிச்சை மட்டும் இன்னொருமுறை இறுக்கிவிட்டாள்.

ஆலையின் முற்றக் களத்தில் அவித்த நெல் ஆவி பறக்கக் கிடந்தது. பெண்கள் அதைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தனர். கொதிகலன் அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டிருந்த மேஸ்திரி எங்களைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"வாங்க வாத்தியாரய்யா. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. எனக்குப் படிக்க வராதுங்க. கணக்குப்பிள்ளைதான் படிச்சாரு. களத்துல எல்லாரும் கேக்கணும்னு ரெண்டு தடவை படிச்சாரு."

களத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "மேஸ்திரி, என்ன, காணாமப்போன கப்பலைக் கொண்டாந்துட்டாங்களா?"

"பாத்தீங்களா? ஒரு வாரமா இதே பேச்சுதான்" என்றார் மேஸ்திரி. அவர் பார்வை என் எதிர்வீட்டுத் தோழர்மேல் திரும்பியது. "எம்மவன் கப்பல் இல்லேன்னு சொன்னவரு நீங்கதானா?"

"ஆமாங்க. இல்லைன்னு சொன்னேன். இப்ப இருக்கு."

"நடுவுல எங்க போயிருந்துச்சு?"

"இங்கிலாந்துல இருந்துச்சுங்க."

களத்தில் சிரிப்பெழுந்தது. அவர் சிரிக்கவில்லை. உமிமூட்டை ஒன்றன்மேல் துண்டை விரித்து, நூலை வைத்து, பக்கத்தைத் திறந்து, படத்தை அதன்மேல் வைத்தார். மேஸ்திரி குனிந்து நெடுநேரம் பார்த்தார். களத்துப் பெண்களும் கிண்டுவதை விட்டு வந்து சூழ்ந்துகொண்டனர்.

"இதுல பாய்லர் எத்தனைன்னு போட்டிருக்குங்களா?"

"ரெண்டு."

"நமக்கு ஒண்ணுதான்" என்றார் மேஸ்திரி, தம் கொதிகலனைத் திரும்பிப் பார்த்து. குரல் சற்று இளகியிருந்தது. "எம்மவன் பேரு எங்க இருக்கு?"

"மனுஷங்க பேர் இதுல வராதுங்க."

"கேப்டன் பேரு?"

"வராது."

மேஸ்திரி நிமிர்ந்தார். "சரி. கப்பலுக்கே இங்கிலீஷ்காரன் வச்ச பேருதானே இதுல இருக்கு? கணக்குப்பிள்ளை, பேனாவைக் குடுங்க. இந்தாங்க சார். பழைய பேரை அடிச்சுட்டு நம்ம பேரை எழுதுங்க. பக்கத்துல வேலாயுதம்னு எம்மவன் பேரையும் எழுதுங்க. இத்தனை பேர் பாக்க நீங்க எழுதினீங்கன்னா, கரூர்ல வேணாம்னு இப்பவே ஆளனுப்பறேன்."

கணக்குப்பிள்ளையின் பேனா வந்தது. இரண்டு சொற்கள்; அவ்வளவுதான். அவர் பேனாவைப் பார்த்தார். வாங்கவில்லை.

"மாட்டேங்க."

"ஏன்?"

"அச்சடிச்சவன் சொல்லாததை நான் எழுதக் கூடாதுங்க. இன்னிக்கு நீங்க கேட்டு உங்க மகன் பேரை எழுதுவேன். நாளைக்கு இன்னொருத்தர் வந்து அவர் மகன் பேரை எழுதச் சொல்லுவாரு. அப்புறம் ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க கேக்க வந்தா நான் எதைக் காட்டுறது?"

நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார். "வெளங்கிரும்" என்றாள் ஒரு பெண். என் தங்கை முடிச்சை இறுக்கியது நினைவுக்கு வந்தது.

மேஸ்திரி கொதிகலனருகே சென்றார். இரண்டு கூடை உமியைத் தள்ளினார். அழுத்தமானியைப் பார்த்தார். திரும்பிவந்து கணக்குப்பிள்ளையிடம்தான் பேசினார்.

"நம்ம பாய்லரைப் பாக்க வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வராரே, ரெண்டு தினுசுலயும் பாத்தாச்சு. கேட்டா கேட்டபடி நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தவரு ஒருத்தரு. செத்தாலும் எழுதமாட்டேன்னு போனவரு ஒருத்தரு. ட்யூப் எந்த வருஷம் வெடிச்சுது?"

"எழுதிக் குடுத்த வருஷம்" என்றார் கணக்குப்பிள்ளை.

"அதான். இவரு எழுதமாட்டேங்கிறாரு. அப்ப அன்னிக்கு இல்லைன்னதும் நெசமாப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்காரு. எம்மவனைப் பொய்யன்னு இவரு சொல்லலை." என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் சொன்னீங்க. சொன்னாலும் நல்ல தமிழ்ல சொன்னீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை எளிய தமிழில் கேட்டேன்.

"இந்தப் பக்கத்தை யாரு கண்டுபிடிச்சது? இவரா?"

"கோமதிங்க" என்றார் என் தோழர். அவராகவே முன்வந்து சொல்லவில்லை, கேட்கப்பட்டதால் சொன்னார். "நாலு நாள் உக்காந்து ஒவ்வொரு பக்கமாப் பாத்துச்சு. அர்ஜென்டைனாவுலேந்து."

"நாலு நாளா! எம்மவன் முதுகுக்குப் பின்னாடி நின்ன கப்பலையா?" மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தப் பய அவங்கம்மாவுக்கு மாசம் ஒரு லெட்டர்கூடப் போடறதில்லை. இப்படி ஒருத்தி வந்தாத்தான் சரிப்படும். டேய், எவன்டா அங்க, தரகர்கிட்ட போய்க் கரூர் வேணாம்னு சொல்லு!"

விடுப்பு முடிவதற்கு மூன்று நாள் முன்பாக, திருவரங்கத்திலேயே திருமணம் நடந்தது. மணமேடைக்குச் செல்லுமுன் வேலாயுதம் அவரைத் தேடிவந்து வணங்கினான். ஆலையில் நடந்ததை அவன் அறிந்திருந்தான். கோபம் சிறிதும் இல்லை. தன் கப்பலைப் பற்றி நூலில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவலே இருந்தது. அவர் நினைவிலிருந்து ஒப்பித்தார். நீளம், அகலம், வேகம், கொதிகலன் இரண்டு, முன்புறப் பீரங்கி இரண்டு.

"பீரங்கி ஒண்ணுதான் ஐயா. இன்னொண்ணைப் பம்பாய்ல கழட்டிட்டாங்க."

அவர் முகம் மாறியது. "புத்தகத்துல ரெண்டுன்னு இருக்கே?"

"இருக்கலாம். கழட்டும்போது நான் கீழ நின்னேன். நட்டு ஒண்ணு என் கால்ல விழுந்துச்சு." வேலாயுதம் பட்டுவேட்டியைச் சற்று உயர்த்தி, கால் விரலிலிருந்த தழும்பைக் காட்டினான்.

அவர் குனிந்து பார்த்தார். மேளக்காரர்கள் காத்திருந்தனர். "எந்தப் பீரங்கி? மேல் தட்டா, கீழ்த் தட்டா?" என்று கேட்டார். மேடையிலிருந்து கோமதியே குரல் கொடுத்தாள்.

"மாமா, தாலி கட்டட்டும். அப்புறம் கேட்டுக்குங்க."

அடுத்த ஆண்டின் தொகுதி வழக்கம்போல் சென்னையிலிருந்து வந்தது. அதில் அக்கப்பல் இந்தியப் பக்கத்தில் புதுப்பெயருடன் இருந்தது. பிள்ளைப்பேற்றிற்கு வந்திருந்த கோமதியை அழைத்துக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்தாள். முன்புறப் பீரங்கி இரண்டு என்று அச்சாகியிருந்த இடத்தில், அந்த எண்ணைக் கறுப்பு மையால் அடித்து, ஒன்று என்று சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது.

"என்ன மாமா, புத்தகத்துல கிறுக்கியிருக்கீங்க?"

"கிறுக்கலைம்மா. அச்சு தப்பு" என்றார். "மாப்பிள்ளை சொன்னாரு."